டிக்ரி முடியுமுன் ஒரு விண்ணப்பம்

கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

போன கிழமை அலுவிகாரையிலிருந்து ஒரு வாப்பாவும் மகளும் நம் வீட்டுக்கு வந்தார்கள். மகள் நம்மிடம் ஓ.எல். வரை படித்தவர். இப்போது பேராதனையில் விஞ்ஞான பீடத்தில் மூன்றாம் வருடம். கையில் பிரின்ட் எடுத்த நாலு தாள். வெளிநாட்டு ஆய்வு நிறுவனம் ஒன்று, இன்னும் பட்டம் முடிக்காத மாணவர்களைப் பத்துக் கிழமைக்கு எடுத்து ஒரு விஞ்ஞானியின் கீழ் ஆய்வு பழக்குகிறது. தங்குமிடம் அவர்கள் தருவார்கள், கைச்செலவுக்கும் காசு உண்டு. அதற்கு விண்ணப்பிக்க அவருக்கு ஆசை. முடிவு திகதிக்கு மூன்று கிழமைதான் இருக்கிறது.

வாப்பா தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "சேர், இது டிக்ரியும் இல்ல, வேலையும் இல்ல. படிப்ப முடிச்சிட்டு ஒரு அப்பொய்ன்மன்ட் எடுத்தாப் போதாதா? மாஸ்டர்ஸ், பிஎச்டி எல்லாம் பொறகு பாத்துக்கலாமே?"

நாம் அவரைக் குறை நினைக்கவில்லை. கடையொன்றை வைத்துக்கொண்டு நாலு பிள்ளைகளைப் படிப்பிக்கிற மனிதர். மகாபொலக் காசும் வீட்டுக் காசும் சேர்ந்துதான் அந்தப் பிள்ளையின் ஹொஸ்டல் நாட்கள் ஓடுகின்றன. ஆனால் அவருடைய கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல நமக்கு வரவில்லை. நாம் சரித்திரம் படிப்பிக்கிறவர்கள். சரித்திரத்தைத்தான் எடுத்துச் சொல்லத் தெரியும். அன்றைக்குச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறோம்.

மேல்படிப்புக்கு இந்த நாட்டுப் பிள்ளைகளை அரசாங்கம் காசு கொடுத்து இங்கிலாந்துக்கு அனுப்பும் வழக்கம் 1870இல் தொடங்கியது. அந்த ஆரம்ப காலத்திலேயே அந்தப் புலமைப்பரிசிலை வென்றவர் பொன்னம்பலம் அருணாசலம். கேம்பிரிட்ஜ் போய்ப் படித்து, சிவில் சேவைப் பரீட்சையில் தேறி, 1875இல் திரும்பி வந்தார். அன்றைய வழி அதுதான்: கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றைப் பரீட்சை வைத்துப் பொறுக்கி எடு, கப்பலில் ஏற்று, உத்தியோகத்தராகத் திருப்பிக் கொண்டு வா. ஆராய்ச்சி என்ற பேச்சே அதில் இல்லை. இங்கேயே ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906இல் சங்கம் அமைத்துக் கேட்டவர்களின் முன்வரிசையில் அதே அருணாசலம் நின்றார். 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. 1942இல் அது இலங்கைப் பல்கலைக்கழகமாகியது. 1952இலிருந்து பேராதனைக்கு வந்தது. நம் பிள்ளைகள் அக்குறணை, கட்டுகஸ்தோட்டை வழியாக பஸ்ஸில் போய் வரும் தூரத்துக்கு அந்தப் படிப்பு வந்து சேர 80 வருடத்துக்கு மேல் எடுத்திருக்கிறது.

இந்தக் கதைக்குள் நம் சமூகம் எங்கே நுழைகிறது? சித்திலெப்பை அவர்கள் பிறந்தது நம் பக்கத்துக் கண்டியில், 1838இல். 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை, கொழும்பில் 1892இல் உருவாகிப் பிறகு ஸாஹிராக் கல்லூரியான மத்ரஸா, எல்லாம் உங்களுக்குத் தெரிந்த விஷயம். திரும்பச் சொல்லவில்லை. நாம் சொல்ல வந்தது மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களைப் பற்றி. அவருடைய வாழ்க்கையில் ஒரு வருடத்தைப் பற்றி மட்டும்.

அஸீஸ் 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். யாழ் இந்துக் கல்லூரியில் படித்து, கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாற்றைச் சிறப்புப் பாடமாக எடுத்துப் பட்டம் பெற்றார். அதன்பின் அரசாங்கக் கலைப் புலமைப்பரிசில் கிடைத்தது. 1934இல் கேம்பிரிட்ஜ் சென் கதரீன்ஸ் கல்லூரியில் வரலாற்றில் மேல்படிப்புக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் ஒரு முஸ்லிம் பிள்ளை இந்த இடத்துக்குப் போவது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் அங்கே இருக்கும்போதே சிவில் சேவைப் பரீட்சையில் தேறிய செய்தி வந்தது. படிப்பை விட்டுவிட்டு ஊர் திரும்பினார். 1935இல் இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதலாவது முஸ்லிம் அவர்தான்.

இந்த இடத்தில் நம்மவர்கள் வழமையாக மாஷா அல்லாஹ் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். நாம் கொஞ்சம் நின்று பார்க்க விரும்புகிறோம். வரலாற்று ஆராய்ச்சிக்குப் போன நம் பிள்ளை ஒருவர், உத்தியோகம் கிடைத்ததும் பாதி வழியில் திரும்பியிருக்கிறார். அது பிழை என்று நாம் சொல்ல மாட்டோம். 1935இல் கச்சேரிக்குள் நம் சமூகத்து அதிகாரி ஒருவர்கூட இருக்கவில்லை. ஆய்வாளரைவிட அதிகாரி அவசரமாகத் தேவைப்பட்ட காலம். 1942இல் கல்முனைக்கு அதிகாரியாகப் போன அவர் அங்கே கல்விச் சங்கம் அமைத்ததும், 1948இல் அந்தப் பெரிய உத்தியோகத்தையே துறந்து ஸாஹிராவுக்கு அதிபராக வந்ததும் நமக்குக் கிடைத்த பாக்கியம். ஆனால் கேம்பிரிட்ஜில் அவர் எழுதியிருக்கக்கூடிய ஆய்வு எழுதப்படாமலே போனது. அதுவும் கணக்கில் வர வேண்டும். 'இலங்கையில் இஸ்லாம்' என்ற அவருடைய நூல் 1963இல்தான் வந்தது. எத்தனை வேலைகளுக்கு நடுவே அதை எழுதியிருப்பார் என்று நினைத்தால் நமக்குக் கவலைதான் வருகிறது.

அவர் 1945இல் தொடக்கி வைத்த இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியையும் இந்த இடத்தில் வைத்துத்தான் நாம் பார்க்கிறோம். பணமில்லை என்பதற்காக ஒரு பிள்ளையும் மேல்படிப்பைப் பாதியில் விடக்கூடாது என்பதற்காக உண்டான நிதி அது. இலவசக் கல்வி வந்ததும் அதே 1945இல்தான். தான் பாதியில் விட்ட பாதையை மற்றவர்களுக்காவது திறந்து வைக்க வேண்டும் என்று அவர் நினைத்தாரோ என்னவோ. அது நம்முடைய ஊகம் மட்டும்.

அடுத்தது பேராசிரியர் ம.மு. உவைஸ். 1922இல் பாணந்துறையில் பிறந்தவர். சிங்களம் சூழ்ந்த ஊர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தார். அங்கே தமிழுக்கு முதல் பேராசிரியராக இருந்தவர் விபுலாநந்த அடிகள். முஸ்லிம்கள் தமிழில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் பார்க்கும் எண்ணம் உவைஸுக்கு அடிகளின் தூண்டுதலால் வந்தது. அடிகள் 1947இல் மறைந்துவிட்டார். விதைத்தவர் விளைச்சலைப் பார்க்கவில்லை. ஆனால் பட்டப்படிப்பு மாணவனாக இருந்தபோது மனதில் விழுந்த அந்தக் கேள்வியைத்தான் உவைஸ் தன் முதுமாணி ஆய்வாக ஆக்கினார்.

அந்த ஆய்வு புத்தகமாக வந்தது எங்கேயிருந்து தெரியுமா? கொழும்பிலும் இல்லை, சென்னையிலும் இல்லை. நம் பக்கத்தில், அங்கும்புரைப் பக்கத்துக் கல்ஹின்னைக் கிராமத்திலிருந்து. தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்களின் பங்களிப்பு என்ற பொருளில் ஆங்கிலத்தில் அவர் எழுதிய அந்த நூலை 1953இல் வெளியிட்டது கல்ஹின்னைத் தமிழ் மன்றம். மலைநாட்டு முஸ்லிம் கிராமம் ஒன்று, பல்கலைக்கழக ஆய்வேடு ஒன்றை அச்சில் ஏற்றியிருக்கிறது. இப்போது நம் ஊர்களில் எத்தனை சங்கங்கள் இருக்கின்றன. எத்தனை பேனர் அடிக்கிறோம். நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

உவைஸ் பிறகு ஆசிரியராக, விரிவுரையாளராக இருந்தார். 1979இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென்று ஓர் இருக்கை ஏற்பட்டபோது அதன் முதல் பேராசிரியராகப் போனவர் அவர்தான். அஜ்மல்கான் அவர்களோடு சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். இன்று 'சீறாப்புராணம்' என்று நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படிக்கிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் நின்று நமக்கும் ஓர் இலக்கிய வரலாறு உண்டு என்று எழுதி நிலைநாட்டிய கை அது. அந்தக் கேள்வி டிக்ரி முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட கேள்வி அல்ல.

வாப்பாவின் கேள்விக்கு இதுதான் நம் முதல் பதில். ஆராய்ச்சி என்பது பட்டம் எடுத்த பிறகு வேறாகத் தொடங்குகிற ஒன்று என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படித் தொடங்கியவர்களும் உண்டு. ஆனால் பெரிய இடத்துக்குப் போன பலர் படிக்கிற காலத்திலேயே சின்னதாக எதையோ செய்து, அதை யாரிடமோ காட்டியிருக்கிறார்கள். அந்தக் காட்டலுக்கு இன்றைய பெயர்தான் இந்த விண்ணப்பம்.

சந்திரசேகரைப் பாருங்கள். 1983இல் பௌதிகவியலுக்கு நொபெல் பரிசு பெற்ற தமிழர். சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டப்படிப்பு மாணவராக இருந்தபோது, 1928 கோடை விடுமுறைக்குக் கல்கத்தாவில் சித்தப்பா சி.வி. ராமனின் ஆய்வுகூடத்துக்குப் போனார். கருவிகளோடு வேலை செய்வது தனக்குச் சரிவராது என்று அங்கே விளங்கிக்கொண்டார். அதுவும் ஒரு லாபம்தான். அந்த வருடமே இந்தியப் பௌதிகவியல் சஞ்சிகை ஒன்றில் கட்டுரை எழுதினார். அடுத்ததாக எழுதிய கட்டுரையை, நூலகத்தில் தான் படித்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியரான கேம்பிரிட்ஜ் ஃபௌலருக்குத் தானாகவே தபாலில் அனுப்பினார். அவர் மூலமாக 1929இல் ரோயல் சொசைட்டியின் வெளியீட்டில் அது வந்தது. பட்டம் கைக்கு வந்தது 1930இல். அரசாங்கப் புலமைப்பரிசிலோடு அந்த வருட ஜூலை கடைசியில் பம்பாயில் கப்பல் ஏறியபோது, கேம்பிரிட்ஜில் யாரிடம் போக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவர்களுக்கும் இவரைத் தெரியும்.

சித்தப்பா ராமன், படித்த குடும்பம், அந்தப் பிள்ளைக்கு என்ன குறை என்று நீங்கள் கேட்பீர்கள். சரியான கேள்வி. அதற்குத்தான் ராமானுஜனைச் சொல்ல வேண்டும். கும்பகோணத்தில் கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தவறிப் புலமைப்பரிசிலை இழந்தவர். பட்டமே இல்லை. சென்னைத் துறைமுகக் கந்தோரில் கணக்குப் பிரிவில் கிளார்க். கேம்பிரிட்ஜில் இரண்டு பெரிய கணிதவியலாளர்களுக்கு எழுதிப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவதாக 1913 ஜனவரி 16இல் ஹார்டிக்கு எழுதினார். அந்தக் கடிதத்தின் கட்டமைப்பை நம் ஏ.எல். பிள்ளைகளுக்கு ஒரு முறை விளக்கியிருக்கிறோம். தான் யார், என்ன வேலை, வருடத்துக்கு 20 பவுண் சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதை ஒளிக்காமல் சில வரியில் சொல்கிறார். அதற்குப் பிறகு பக்கம் பக்கமாகக் கணக்கு. தன்னைப் பற்றிப் புகழ்ச்சி இல்லை, வேலை மட்டும். அந்த வருடம் மே மாதத்திலிருந்து சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. பட்டமில்லாத ஒருவருக்கு. அடுத்த வருடம் இங்கிலாந்துக்குப் போனார்.

நம் பிள்ளை எழுதிக்கொண்டு வந்த ஒரு பக்க விருப்பக் கடிதம், சிறு வயதிலிருந்தே விஞ்ஞானத்தில் தனக்கு அளவில்லாத ஆர்வம் என்று தொடங்கியது. எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது: அவருடைய அப்பாவின் தோட்டத்து மிளகுக் கொடிகளில் சிலது மட்டும் ஏன் மஞ்சளாகிக் காய்கிறது என்று பார்க்க, கெம்பஸ் பாடத்துக்காக ஒரு வருடம் கிழமைதோறும் இலைகளை எண்ணிக் குறித்து வைத்திருக்கிறார். கொப்பியே இருக்கிறது. மாத்தளை மிளகு! அதைக் கடிதத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. கேட்டால், "அது சின்ன விஷயம் சேர், வெக்கமா இருந்திச்சி" என்கிறார். முதல் பந்தியை வெட்டிவிட்டு மிளகுக் கொடியிலிருந்து தொடங்கச் சொன்னோம்.

இப்படிப்பட்ட திட்டங்கள் எப்படி வந்தன என்பதற்கும் ஒரு சின்ன வரலாறு உண்டு. அமெரிக்காவில் எம்.ஐ.டி. நிறுவனம் 1969இல், பட்டப்படிப்பு மாணவர்களைப் பேராசிரியர்களின் ஆய்வில் நேரடியாகச் சேர்க்கும் திட்டத்தைத் தொடங்கியது. பிறகு பல இடங்களுக்கும் பரவியது. அதில் நம் மனதைத் தொட்டது மெக்நேயர் திட்டம். ரொனால்ட் மெக்நேயர் தென் கரோலினாவில் ஒரு சின்ன ஊரில் பிறந்த கறுப்பினப் பிள்ளை. 1959இல், 9 வயதில், ஊர் நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் கேட்டபோது கறுப்பர்களுக்குக் கொடுப்பதில்லை என்று பொலிஸைக் கூப்பிட்டார்கள். பிள்ளை அசையவில்லை. கடைசியில் புத்தகத்தோடுதான் வீட்டுக்குப் போனார். 1976இல் எம்.ஐ.டி.யில் பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம். விண்வெளி வீரராகி, 1986இல் சலெஞ்சர் ஓடம் வெடித்தபோது இறந்தவர்களில் ஒருவர். அவர் பெயரில் அமெரிக்க அரசாங்கம் தொடங்கிய திட்டம், குடும்பத்தில் முதலாவதாகப் பல்கலைக்கழகம் போன ஏழைப் பிள்ளைகளைப் பட்டம் முடியுமுன்பே ஆய்வில் பழக்கி, கலாநிதிப் படிப்புக்கு ஆயத்தம் செய்கிறது. அதாவது, வீட்டில் இந்த வழி தெரிந்தவர் யாரும் இல்லாத பிள்ளைக்கு வழி காட்டுவது. அந்தத் திட்டம் அமெரிக்கப் பிள்ளைகளுக்குத்தான். ஆனால் அது யாரை நினைத்துச் செய்யப்பட்டதோ அப்படிப்பட்ட பிள்ளைதான் அன்று நம் வீட்டு விறாந்தையில் இருந்தார்.

நம் நாட்டுப் பிள்ளைகளுக்குத் திறந்த கதவுகள் வேறு உண்டு. ஜப்பானில் ஒக்கினாவா விஞ்ஞான தொழில்நுட்ப நிறுவகம், வியன்னாவுக்குப் பக்கத்தில் ஒஸ்திரிய விஞ்ஞான தொழில்நுட்ப நிறுவகம் ஆகியவை எந்த நாட்டு மாணவரையும் இப்படிச் சில மாதம் எடுக்கின்றன. திகதிகளும் நிபந்தனைகளும் வருடத்துக்கு வருடம் மாறும், அவர்களுடைய தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: புள்ளிப் பத்திரம், தெரிந்த விரிவுரையாளர்களிடமிருந்து சிபாரிசுக் கடிதம், யாருடைய ஆய்வுகூடத்தில் ஏன் வேலை செய்ய விரும்புகிறீர்கள் என்ற ஒரு பக்கம். இடைத்தரகர், ஏஜென்சி ஒன்றும் தேவையில்லை. பணம் கேட்டு யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். சிபாரிசுக் கடிதத்துக்கு விரிவுரையாளரை முடிவு திகதிக்கு முந்தின நாள் போய்க் கேட்காதீர்கள். அவர்களுக்குப் பிள்ளையின் பெயரே நினைவில் இருக்காது. முதலாம் வருடத்திலிருந்தே கேள்வி கேட்கிற பிள்ளையைத்தான் அவர்கள் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

வெளிநாடு வேண்டாம் என்றால் கண்டி ஹந்தானையில் அடிப்படைக் கற்கைகளுக்கான தேசிய நிறுவகம் இருக்கிறது. 1981இல் உண்டானது. உயிர் எப்படித் தோன்றியது என்று உலகமறிய ஆராய்ந்த சிரில் பொன்னம்பெரும இருந்து நடத்திய இடம். நம் ஊரிலிருந்து இரண்டு பஸ். லீவு நாட்களில் அங்கே ஏதும் பழக முடியுமா என்று எழுதிக் கேட்க ஒரு முத்திரைகூடத் தேவையில்லை, மின்னஞ்சல் போதும். கலைப்பீடத்துப் பிள்ளைகளே, இது உங்களுக்கு இல்லை என்று ஸ்க்ரோல் பண்ணிப் போகாதீர்கள். உலகம் மதித்த மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர, பேராதனையில் ஆங்கிலம் படித்த மாணவராக இருந்தபோதே தூரத்துக் கிராமங்களுக்குப் போய் நாட்டார் பாட்டுக்களைச் சேர்த்தவர். அமெரிக்க மேல்படிப்பு பிறகுதான். நம் உம்மம்மாக்களுக்குத் தெரிந்த தாலாட்டும் கல்யாணப் பாட்டும் இன்னும் யாரும் எழுதி வைக்காமல் கிடக்கின்றன.

வருடா வருடம் பிள்ளைகளை அலுவிகாரைக் கல் விகாரைக்குக் கூட்டிப் போகிறோம். கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், பஞ்சமும் யுத்தமும் வந்து மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் இறந்துபோனால் எல்லாம் போய்விடும் என்று பயந்து, பௌத்த பிக்குகள் திரிபிடகத்தை முதன்முதலாக ஏட்டில் எழுதிய இடம். அங்கே எழுத்தாணியால் ஓலையில் எழுதிக் காட்டுவார்கள். எழுதும்போது ஒன்றும் தெரியாது, வெறும் கீறல். கரியும் எண்ணெயும் கலந்து பூசித் துடைத்த பிறகுதான் எழுத்து கறுப்பாக எழும்பும். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். அந்த மகளும் ஏழாம் வகுப்பில் அப்படிப் பார்த்தவர்தான். தன் பெயரை எழுதித் தந்த ஓலைத் துண்டு இன்னும் இருக்கிறது என்று அன்றைக்குச் சொன்னார்.

அந்தப் பத்துக் கிழமை அவருக்குக் கிடைக்குமா என்று தெரியாது. ஆயிரக்கணக்கானோர் போடுவார்கள், சிலருக்குத்தான் கிடைக்கும். வாப்பாவிடம் அதையும் ஒளிக்காமல் சொன்னோம். மகள் தனியாகப் போவது பற்றிய பயத்தையும் நாம் லேசாக எடுக்கவில்லை. யாரோடு தங்குவது, ஹலால் சாப்பாட்டுக்கு என்ன வழி, தொழ இடமிருக்குமா என்று அந்த நிறுவனத்துக்கே எழுதிக் கேட்கச் சொன்னோம். கேட்டதற்கு இரண்டு நாளில் விளக்கமாகப் பதில் வந்திருக்கிறது.

நேற்று ஜும்மாவுக்குப் பிறகு பள்ளி வாசலில் வாப்பாவைக் கண்டோம். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மகளுடைய பாஸ்போர்ட் எடுக்க மாத்தளையிலேயே செய்யலாமா, கண்டிக்குப் போக வேண்டுமா என்று கேட்டார்.